தையல் கடைக்குள் ஒரு குளம்

“ஏன்டி, நீ அடிச்சத நீயே ஒரு தடவையாவது படிச்சியா?”

வக்கீலம்மாவின் அறையில் வைத்து அக்கா இப்படிக் கேட்டபோது தங்கை பதிலைத் தேடினாள். மேசையைப் பார்த்தாள், சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்தாள், தன் கால் கட்டைவிரலைப் பார்த்தாள். மூன்றிலும் பதில் எழுதியிருக்கவில்லை. அந்தத் தங்கைக்கும் இதை எழுதுகிறவளுக்கும் ஒரே முகம்தான். ஆனால் ‘நான்’ என்று எழுதப் போனால் கை கூசுகிறது. அதனால் ‘அவள்’ என்றே போகட்டும்.

அவள் பள்ளியை முடித்தாள் என்பதைவிடப் பள்ளி அவளை முடித்து அனுப்பியது என்பதே சரி. அதற்குப் பிறகு ஓரிடத்தில் கால் தரிக்கவில்லை. கைப்பேசிக் கடையில் பதினோரு நாள் இருந்தாள். பல் டாக்டர் வாசலில் டோக்கன் கொடுக்கும் வேலை ஒரு மாதம். நோயாளிகளின் முனகல் கனவிலும் கேட்கத் தொடங்கியதும் அங்கிருந்தும் ஓடி வந்துவிட்டாள். கடைசியில் நீதிமன்ற வாசலுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடையில் பாதி இடத்தை வாடகைக்குப் பிடித்து, ஒரு கணினியும் பிரின்டரும் வைத்து உட்கார்ந்தாள். ‘மனு, ஒப்பந்தம் பிழையின்றி அடித்துத் தரப்படும்’ என்று போர்டும் மாட்டினாள். ஜெராக்ஸ்கார அண்ணன் அதைப் படித்துவிட்டு, “வாங்க பிழையில்லா!” என்றார். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

அவளுடைய வேகத்தைப் பற்றித் தெருவே பேசியது. ஓர் ஒப்பந்தத்துக்கு எட்டு நிமிடம். அதன் ரகசியம் ரொம்பச் சின்னது. முன்பு வந்தவருடைய கோப்பைத் திறப்பாள், பெயரையும் தேதியையும் மாற்றுவாள், தேவையானதைச் சேர்ப்பாள், தேவையில்லாததை நீக்குவாள். நீக்க மறந்தது அப்படியே இருக்கும். அதைப் பற்றி யாரும் வந்து கேட்டதில்லை. ஏனென்றால் அடித்தவளும் படிக்கவில்லை, கையெழுத்துப் போட்டவர்களும் படிக்கவில்லை. உலகம் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டு வருடத்துக்கு முன்பு ஒருநாள் காலையில், சேர்ந்து மீன் வளர்க்கப்போகும் மாமனும் மச்சானும் வந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இரண்டு முழ இடைவெளியில் உட்கார்ந்தார்கள். “எனக்குத் தெரியாம இவரு குளத்துல தூண்டில் போடக்கூடாது. அத மொதல்ல எழுதும்மா” என்றார் மச்சான். “அதயே எனக்கும் எழுது” என்றார் மாமன். எழுதிக் கொடுத்தாள்.

அன்று மதியம் அக்கா வந்தாள். கூடவே துணிக்கடைக்காரரும் வந்தார். அவர் கடை மாடியில் ஓர் அறை சும்மா கிடந்தது. அக்காவிடம் நான்கு தையல் மெஷின்கள் இருந்தன. அறை அவருடையது, மெஷினும் உழைப்பும் அக்காவுடையது, வருமானம் ஆளுக்குப் பாதி என்று பேச்சு. அக்கா ஒன்றில் மட்டும் பிடிவாதமாக நின்றாள். “நாளைக்குப் பிரிஞ்சா நாலு மெஷினும் எனக்குத்தான். அத எழுதணும்.” ஒவ்வொரு மெஷினுக்காகவும் அவள் எத்தனை இரவு கண்விழித்துச் சீருடை தைத்தாள் என்று வீட்டுக்குத்தான் தெரியும்.

“எழுதிட்டாப் போச்சு” என்றார் துணிக்கடைக்காரர்.

தங்கை மீன்குளத்துக் கோப்பைத் திறந்தாள். எட்டே நிமிடம். சொந்த அக்கா என்பதால் ஏழரை என்றும் சொல்லலாம். ஆளுக்கு ஒரு பிரதி, பிரதிக்கு மூன்று தாள். முதல் தாளிலும் கடைசித் தாளிலும் இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். நடுத்தாளில் எழுத்து அடிவரை நிரம்பி வழிந்ததால் கையெழுத்துக்கு இடமில்லை.

“இதுல போட வேணாமா?” என்றாள் அக்கா.

“அதெல்லாம் பரவாயில்லக்கா. முன்னாடியும் பின்னாடியும் போட்டாச்சு, நடுவுல இருக்கறது எங்க ஓடிடும்?” என்றாள் இவள்.

அது ஓடிவிட்டது.

இரண்டு வருடத்தில் கடை நன்றாக நடந்தது. நன்றாக நடந்ததுதான் வினை. துணிக்கடைக்காரருக்கு மருமகளை அங்கே உட்கார வைக்கும் ஆசை வந்தது. ஒருநாள் அக்கா மாடி ஏறிப் போனபோது கதவில் புதுப் பூட்டு தொங்கியது. கேட்டதற்கு அவர் தன் பிரதியை நீட்டினார். அதன் நடுத்தாளில், பிரிந்தால் மெஷின்கள் அறையோடு சேர்ந்தவை என்று இருந்தது. அக்காவின் பிரதியிலோ மெஷின்கள் அக்காவுக்கு. வழக்கு வந்தது. “தங்கச்சி டைப் அடிக்கிறவ. நடுத்தாள மாத்தறது அவளுக்கு ஒரு வேலையா?” என்று அவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

மெஷின் நான்கும் பூட்டுக்குள். அக்கா வீட்டில் உட்கார்ந்து கையூசியால் அக்கம்பக்கத்தாரின் கால்சட்டைக்கு ஓரம் மடித்துத் தைத்தாள். விரல் நுனியெல்லாம் ஊசித் துளை.

அப்போதுதான் வக்கீலம்மா அக்காவின் பிரதியை நிதானமாகப் படித்தார். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“தையல் கடையில எதுக்கும்மா தூண்டில்?”

ஒன்பதாவது விதி இப்படி இருந்தது: ‘கூட்டாளிகள் இருவரில் ஒருவருக்குத் தெரியாமல் மற்றவர் மேற்படி குளத்தில் தூண்டில் போடக்கூடாது.’

அக்கா தங்கையிடம் அந்தக் கேள்வியைக் கேட்டது இந்த இடத்தில்தான்.

அவளுக்கு அப்போதும் புத்தி நேராக வேலை செய்யவில்லை. மானம் போய்விடுமே என்ற பயம்தான் முன்னால் வந்து நின்றது. “வக்கீலம்மா, கையெழுத்து இல்லாத அந்த நடுத்தாள மட்டும் புதுசா அடிச்சுடலாம். மெஷின் விஷயம் அப்படியே இருக்கட்டும், மீன மட்டும் எடுத்துடறேன். எட்டே நிமிஷம்.”

“எட்டு நிமிஷத்துல அடிப்ப, எத்தன வருஷம் உள்ள இருப்ப?” என்றார் வக்கீலம்மா. “அந்தத் தாள்ல கை வெச்சே, உங்கக்கா மெஷினும் போச்சு, நீயும் போன. பேசாம கூண்டுல ஏறி உண்மையச் சொல்லு.”

“உண்மையச் சொன்னா சிரிப்பாங்களே.”

“சிரிக்கட்டும். நீ என்ன அழகுப் போட்டிக்கா போற?”

அவள் சாட்சிக் கூண்டில் ஏறினாள். எதிர்த்தரப்பு வக்கீல் ஆள் ஒல்லி, குரல் மட்டும் கல்யாண மண்டபத்துக்குப் போதும்.

“போர்டுல என்னம்மா எழுதி வெச்சிருக்கீங்க?”

“பிழையின்றி அடித்துத் தரப்படும்னுங்க.”

“சந்தோஷம். உங்க அக்கா பிரதியில ஒன்பதாவது விதியப் படிங்க.”

படித்தாள். தூண்டில் வந்ததும் வக்கீல் கையை உயர்த்தினார். “அந்தக் கடையில குளம் எந்தப் பக்கம் இருக்கு? கட்டிங் டேபிளுக்கு அடியிலயா?”

நீதிமன்றம் சிரித்தது. தாள்களை எடுத்துக் கொடுக்கும் ஊழியர்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

“அடிச்சத நீங்க படிச்சீங்களா, இல்லையா?”

கணினியில் ஏதோ கோளாறு என்று சொல்லலாமா என நினைத்தாள். பொய் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கடைசி பெஞ்சில் அக்கா உட்கார்ந்திருந்தாள், விரல்களை மடிக்குள் மறைத்துக்கொண்டு.

“படிக்கலங்க. காலையில வந்த மீன்குளத்துக்காரங்க ஒப்பந்தத்துல பேர மாத்தினேன். எல்லாருக்கும் அப்படித்தான் அடிப்பேன்.”

“எல்லாருக்குமா?”

“எல்லாருக்கும்.”

வாசலோரம் நின்றிருந்த அவளுடைய வாடிக்கையாளர் ஒருவர் தன் பையைத் திறந்து, ஒரு தாளை எடுத்து, அவசர அவசரமாகப் படிக்கத் தொடங்கினார்.

வக்கீல் அத்தோடு நிறுத்தியிருந்தால் பிழைத்திருப்பார். ஜெயித்த மிதப்பு விடவில்லை. தன் கட்சிக்காரரின் பிரதியை அவள் கையில் கொடுக்கச் சொன்னார். “இதையும் படிங்க. ஒழுங்கான ஒப்பந்தம்னா எப்படி இருக்கும்னு நீங்களும் தெரிஞ்சுக்குங்க.”

இனிப் போக மானம் ஏதும் மிச்சமில்லை. அதனால் வாழ்க்கையில் முதல்முறையாக, தான் அடித்த ஒன்றை எழுத்துக்கூட்டிப் படிப்பதுபோல் நிதானமாகப் படித்தாள். நடுத்தாள் பளிச்சென்று இருந்தது. மெஷின் அறையோடு சேர்ந்தது. ஒன்பதாவது விதி: ‘கணக்கை இருவரும் மாதம் ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.’ முற்றுப்புள்ளி. தாளைத் திருப்பினாள். கடைசித் தாளின் முதல் வரியைப் படித்தாள்.

“தூண்டில் போடக்கூடாது.”

நின்றுவிட்டாள்.

“ஏன் நிறுத்திட்டீங்க? மேல படிங்க” என்றார் வக்கீல், என்ன காதில் விழுந்தது என்று யோசிக்காமலே.

“ஐயா…” என்று அவள் நீதிபதியைப் பார்த்தாள். “இங்கயும் மீன் இருக்குங்கய்யா.”

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. நீதிபதி இரண்டு பிரதிகளையும் வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அக்காவின் நடுத்தாள் ‘மேற்படி குளத்தில்’ என்ற இடத்தில் முடிந்தது. மிச்சம் கடைசித் தாளுக்கு வழிந்திருந்தது. துணிக்கடைக்காரர் நடுத்தாளைத்தான் வேறெங்கோ புதிதாக அடித்து வைத்திருந்தார். கையெழுத்துள்ள கடைசித் தாளை மாற்ற முடியாதல்லவா? அதன் உச்சியில் தலையில்லாமல் கிடந்த அந்த வாலை அவரும் படிக்கவில்லை, அவர் வக்கீலும் படிக்கவில்லை. வக்கீலம்மாவுக்குக் கிடைத்த எதிர்த்தரப்புப் பிரதியின் நகலிலோ ஜெராக்ஸ் அண்ணனின் மெஷின் மேல்வரியை வெட்டித் தின்றிருந்தது.

“கடைசித் தாள்ல இருக்கிறது உங்க கையெழுத்துதானே?” என்றார் நீதிபதி.

“ஆமாங்கய்யா” என்றார் துணிக்கடைக்காரர். ஏற்கெனவே இரண்டு தடவை சத்தியம் செய்து சொல்லியிருந்ததால் மாற்ற வழியில்லை.

“அப்ப எந்தக் குளத்துல தூண்டில் போடக்கூடாதுன்னு கையெழுத்துப் போட்டீங்க?”

அவர் தன் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் சுவரைப் பார்த்தார்.

தீர்ப்பு அடுத்த மாதம் வந்தது. கையெழுத்துள்ள இரண்டு தாள்களோடும் பொருந்துவது அக்காவின் நடுத்தாளே, மெஷின்கள் அக்காவுக்கே என்று இருந்தது. அதே தீர்ப்பில், ஒப்பந்தத்தை அடித்தவரின் அலட்சியம் வருந்தத்தக்கது என்றும் ஒரு வரி இருந்தது. அந்த வரியை ஜெராக்ஸ் அண்ணன் பெரிதாக்கி இரண்டு நகல் எடுத்து, ஒன்றை அவள் மேசையில் வைத்தார். “இதுக்குக் காசு வேணாம் தங்கச்சி.”

பூட்டைத் திறந்தபோது கடைசி மெஷினின் ஊசிக்கடியில் பாதி தைத்த பள்ளிச் சட்டை ஒன்று நூலோடு அப்படியே இருந்தது. அக்கா முதலில் உட்கார்ந்து அந்தத் தையலை முடித்தாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். பிறகுதான் மெஷின்களைக் கீழே இறக்க ஆள் தேடினாள்.

“நான்தானேக்கா காப்பாத்தினேன்?” என்றாள் தங்கை, கொஞ்சம் அசட்டுச் சிரிப்போடு.

“நீயா? உன் சோம்பேறித்தனம்டி காப்பாத்துச்சு. அதுக்கெல்லாம் நன்றி சொல்ல எனக்கு வாய் வராது. அந்தப் பக்கம் பிடி, படியப் பாத்து எறங்கு.”

பிடித்தாள். மெஷின் கனம் அன்றுதான் தெரிந்தது. நான்கையும் இறக்கி முடிப்பதற்குள் இடுப்பு கழன்றுவிட்டது.

இப்போது அவளிடம் ஒப்பந்தம் அடிக்க வருகிறவர்கள் முழுவதையும் சத்தமாகப் படித்தால்தான் தாள் கைக்குக் கிடைக்கும். ஒவ்வொரு தாளிலும் கையெழுத்தும் போட வேண்டும். “எட்டு நிமிஷம்னு சொன்னாங்களே?” என்று பாதிப் பேர் அடுத்த தெருவுக்குப் போய்விட்டார்கள். மீதிப் பேர் முணுமுணுத்துக்கொண்டே படிக்கிறார்கள். வாரத்துக்கு ஒருவராவது நடுவில் நிறுத்தி, “இது என்னோடது இல்லியே!” என்கிறார்.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ யாராவது நாளைக்கு எதிலாவது கையெழுத்துப் போடப் போகிறார்கள் என்றால், தயவுசெய்து அவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். அவர்கள் இன்னொருவருக்குச் சொல்லட்டும். அவளைக் கேலி செய்தே சொல்லலாம். அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள், நான் உறுதி தருகிறேன்.