நூற்று எண்பத்திரண்டாவது அணி

எனக்கு அப்போது தலைக்கனம் அதிகம். அறுபதுகளின் தொடக்கத்தில் திருச்சிக் கல்லூரி ஒன்றில், ஒரே பேராசிரியரிடம் நானும் ஒரு பெண்ணும் கணித ஆராய்ச்சி செய்தோம். நான் ஸ்ரீரங்கத்தில் அறை எடுத்திருந்தேன். அவளுக்கு வீடு திருவானைக்காவல். வருடக் கடைசியில் பேராசிரியர் திருப்தி என்று சொன்னால் மேலே படிக்கலாம், இல்லையென்றால் கல்யாணம் என்று அவள் வீட்டில் முடிவு செய்திருந்தார்கள்.

எங்கள் கேள்வி இதுதான். மேலும் கீழுமாக இரண்டு கட்டங்கள் சேர்ந்தால் ஒரு நிரல். நிரல்களை வரிசையாக வைத்தால் ஓர் அணி. கட்டத்துக்குள் 0, 1, 2 இவற்றில் ஏதாவது ஓர் எண். மேல்கீழாகவோ பக்கவாட்டிலோ ஒட்டியிருக்கும் கட்டங்களுக்குள் ஒன்றுக்கு மேல் வித்தியாசம் கூடாது. ஒரு நிரலுக்கு ஏழு அணிகள், இரண்டுக்கு முப்பத்தைந்து. நிரலே இல்லாவிட்டால் சைபர் என்று நானாக வைத்துக்கொண்டேன். முந்தைய எண்ணை ஐந்தால் பெருக்கி, அதற்கும் முந்தையதைக் கூட்டினால் போதும், விதி அழகாகப் பொருந்தியது. அதன்படி மூன்று நிரலுக்கு நூற்று எண்பத்திரண்டு. எண்ணிப் பார்ப்பது குமாஸ்தா வேலை என்று அதை அவள் தலையில் கட்டினேன்.

பழைய பரீட்சைத் தாளைக் கிழித்து, சீட்டுக்கு ஓர் அணியாக எழுதி, ஏழு கட்டுகளாக நூலால் கட்டிக்கொண்டு வந்தாள்.

“நூத்தி எண்பத்தொண்ணுதான் வருது சார்.”

“ஒண்ணு விட்டுப் போயிருக்கும். தேடுங்க.”

நான்கு முறை எண்ணினாள். பஸ்ஸில்கூட மடியில் சீட்டுகளைப் புரட்டிக்கொண்டிருப்பாள். ஒருநாள் தயங்கித் தயங்கி, “உங்க விதி தப்பா இருக்கலாமில்லையா?” என்றாள்.

“முதல்ல ஒழுங்கா எண்ணக் கத்துக்குங்க” என்று எரிந்து விழுந்தேன். அதன்பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

வருடக் கடைசியில் பேராசிரியர் என்னிடம் அவளைப் பற்றி விசாரித்தார். “கவனம் பத்தாது சார்” என்றேன். மறுவாரமே அவள் நின்றுவிட்டாள்.

சில மாதம் கழித்து ஆய்வேட்டை எழுத உட்கார்ந்தபோது, நடு நிரலை மட்டும் பிடித்து எண்ணிப் பார்த்தேன். ஏழில் இரண்டு நிரல்களுக்கு இருபுறமும் நான்கு நான்கு வழி, நான்குக்கு ஐந்து ஐந்து, ஒன்றுக்கு ஏழு ஏழு. முப்பத்திரண்டு, நூறு, நாற்பத்தொன்பது. கூட்டினால் நூற்று எண்பத்தொன்று. நிரலே இல்லாத வெறும் அணியும் ஓர் அணிதான்; சைபர் இல்லை, ஒன்று. அந்த ஒன்றை என் விதி கழித்திருக்க வேண்டும். ஐந்து நிமிட வேலை. என் முகத்தில் நானே காறித் துப்ப வேண்டும் போலிருந்தது.

சொல்லிவிடுவது என்று அவள் வீட்டுக்குப் போனேன். அரியமங்கலம் பட்டறையில் வேலை பார்க்கும் அவளுடைய அண்ணன் வாசலுக்கு வந்தார்.

“தஞ்சாவூர்ல கட்டிக் குடுத்துட்டோம் சார். போற அன்னிக்குக்கூட சீட்டைப் பரப்பி எண்ணிக்கிட்டிருந்தா. என்னமோ ஒண்ணை விட்டுட்டாளாம். கெடச்சிடுச்சா சார்?”

உண்மையைச் சொன்னால் பேராசிரியர் காதுக்குப் போகும். என் பட்டம் என்ன ஆகும் என்று பயந்தேன்.

“கெடச்சிடுச்சுங்க” என்றேன்.

“நல்லதாப் போச்சு. லெட்டர் போட்டுடுறேன். தப்பு தன் மேலதான்னு தெரிஞ்சா தேடுறதை விட்டுடுவா.”

காபி சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார். சாப்பிட்டேன்.