உள்ளே போனது கோக் மட்டும்

யூதர்கள் தங்களைத் தீட்டுப் பட்டவர்களாக நடத்தினார்கள் என்று டொரோண்டோவின் ஸ்காபரோவில் இன்றும் எங்கள் தமிழர் சிலர் சொல்லித் திரிகிறார்கள்.  அது நடந்ததாகச் சொல்லும் இடத்தில் நானும் நின்றேன். அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. அதனால் பட்டுத் தொலைத்தது என் மனைவியும் மகளும்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. மில்லிக்கன் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டு, பதினான்கு மாடி அபார்ட்மென்ட் ஒன்றில் இன்னும் இரண்டு பேரோடு இருந்தேன். என்னை அகதியாக ஏற்றுக்கொண்டிருந்தார்கள். மனைவியும் ஏழு வயது மகளும் கொழும்பில் ஒரு லொட்ஜில் விசாவுக்குக் காத்திருந்தார்கள். பொலிஸ் பதிவு, சுற்றிவளைப்பு, இரவில் கதவைத் தட்டுகிற பக்கத்து அறைக்காரன் எல்லாவற்றையும் மனைவி எழுதுவாள். எப்போது கூப்பிடுவீர்கள் என்று முடிப்பாள்.

கட்டடத்தில் என்னைப் போலக் குடும்பத்தைப் பிரிந்திருந்தவர்கள் ஏழு பேர். குடும்பங்களைக் கூப்பிட உதவுகிறோம் என்று எங்களைத் தேடிக்கொண்டு வந்தவர்கள் யூதர்கள். பஸ்ஸில் நாற்பது நிமிடத் தொலைவில் இருந்த ஒரு ஜெப ஆலயத்து ஆட்கள். தங்கள் தாய் தகப்பன் காலத்தில் எத்தனை நாடுகள் கதவைச் சாத்தின என்று அவர்கள் மறக்கவில்லை. அதைத் தவிர வேறு காரணம் சொல்லவில்லை. மதம் மாறச் சொல்லி ஒரு துண்டுப் பிரசுரம்கூடத் தரவில்லை. எங்கள் ஆட்களுக்கு அதுவே சந்தேகமாக இருந்தது.

அவர்களின் குழுவை நடத்தியவர் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர். செவ்வாய்க்கிழமை பின்னேரங்களில் எங்கள் கட்டடத்தின் கீழ்த்தள அறைக்கு வந்து, ஏழு பேரின் கோப்புகளையும் மேசையில் விரித்து, குடிவரவு அலுவலகத்தோடு தொலைபேசியில் மல்லுக்கட்டுவார். குரல் உயராது, ஆனால் ஆள் விடாது. என் மகளின் படத்தைப் பார்த்துவிட்டு, அடுத்த கிழமை அவள் பெயரைச் சரியாகச் சொல்லப் பழகிக்கொண்டு வந்தார்.

மாசி மாதம் ஆலயத்து மண்டபத்தில் எங்களுக்கும் அவர்களுக்குமாக ஒரு மதியச் சாப்பாடு வைத்தார்கள். வெறுங்கையோடு வாருங்கள், சாப்பாடு எங்களுடையது என்று தெளிவாகச் சொல்லியிருந்தார்கள். வெறுங்கையோடு போவதா? யாழ்ப்பாணத்தாரின் மரியாதை என்னாவது? ஐந்தாம் மாடி அண்ணை கட்டடத்துத் தமிழர்களுக்குத் தலைவர். ஒருவரும் தெரிவு செய்யவில்லை, தலைவர். அவருடைய மனைவியை அக்கா என்போம். யார் வடை, யார் புட்டு, யார் கத்தரிக்காய்ப் பால்கறி என்று அக்கா ஒரு பட்டியல் போட்டார். நான் நன்றாகச் சமைப்பேன். பருப்பு வைத்துக்கொண்டு வருகிறேன் என்றேன். அக்கா பட்டியலிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"நீர் கோக்கும் பேப்பர் கப்பும் கொண்டு வாரும், அதுவே காணும்."

காரணம் அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஊரைச் சொன்னால் எந்தப் பக்கம், எந்தக் கோயிலடி என்று இரண்டு கேள்வி கேட்பார்கள்; மூன்றாவது தேவைப்படாது. ஊர்த் தேநீர்க்கடையில் என் அப்பாவுக்குப் போத்தலில்தான் ஊற்றிக் கொடுப்பார்கள், அதை அவர் தெருவில் நின்று குடிப்பார். டொரோண்டோவில் அப்படியெல்லாம் செய்ய ஏலாது. பட்டியல் போடலாம்.

பனி கொட்டிய ஞாயிறு. மூன்று வான்களில் போனோம். ஒன்று என்னுடைய பழைய வான். ஆசிரியை வாசலில் நின்று சிரித்துக்கொண்டு வரவேற்றார். சட்டிகளைக் கண்டதும் முகம் மாறிவிட்டது. வெளியே சமைத்த எதுவும் தங்கள் மண்டபத்துக்குள் வரக்கூடாது, அது தங்கள் மதச் சட்டம், சொந்த மகள் சமைத்துக்கொண்டு வந்தாலும் இதைத்தான் சொல்வேன் என்று விளக்கினார். மரக்கறிதானே என்றார் அண்ணை. மரக்கறியானாலும் சட்டியும் அடுப்பும் எண்ணெயும் தங்கள் முறைப்படி இருந்திருக்க வேண்டும் என்றார். வியாழக்கிழமை வாருங்கள், எங்கள் குசினியில் எங்கள் சட்டியில் நீங்களே சமையுங்கள், எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவோம் என்றும் கேட்டார். வெட்கத்தில் அவருடைய கழுத்துவரை சிவந்துபோயிருந்தது. அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். பிடித்துக்கொண்டுதான் கேட்டார், அதை ஒருவரும் கவனிக்கவில்லை.

பிறகு என் பையை எட்டிப் பார்த்தார். மூடி திறக்காத கோக், பிரிக்காத பேப்பர் கப். ஒரு போத்தலை எடுத்து, லேபிளில் தங்கள் மதச் சபையின் முத்திரை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இது வரலாம் என்றார்.

வடையும் புட்டும் பால்கறியும் பனிக்குள்ளால் வானுக்குத் திரும்பிப் போயின. உள்ளே போனது நான் கொண்டுவந்தது மட்டும். மண்டபத்தில் சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டேன். எதிரே அக்கா தட்டைத் தொடாமல் இருந்தார். எனக்கு அவ்வளவு சந்தோஷம் வந்து கனகாலம். அந்தச் சந்தோஷத்தோடு அன்றைக்கே வாயைத் திறந்திருந்தால் நான் மனிதன்.

அடுத்த நாள் பின்னேரம் அண்ணை வீட்டில் கூட்டம் என்று எனக்கும் சொல்லி அனுப்பினார்கள். மூன்று வருடமாக அதே கட்டடத்தில் இருக்கிறேன், அந்த வீட்டு வாசலைத் தாண்டியது அன்றுதான். அக்கா அழுதுகொண்டிருந்தார்.

"எங்கட கை பட்டது அவைக்கு ஆகாதாம். நாங்கள் என்ன குறைஞ்ச சாதியே?"

 நான் சுவர்க் கலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர்கள் பார்த்தது சட்டியை, ஆளை அல்ல. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பிறந்த நாளிலிருந்து எனக்குத் தெரியும் என்று சொல்லியிருக்கலாம். பட்டியல் போட்டது யார் என்று கேட்டிருக்கலாம். அதற்குள் அண்ணை வந்து என் தோளில் கையைப் போட்டார்.

"இனி ஒருத்தரும் அவையின்ரை படி மிதிக்கிறேல்லை, அவை நீட்டுற கடதாசியிலை கையெழுத்தும் வைக்கிறேல்லை. நீரும் எங்கட ஆள்தானே. எங்களோடை நில்லும்."

எங்கட ஆள். முப்பத்தாறு வயதில் அந்த வார்த்தையை முதல்தடவை கேட்கிறேன். உச்சி குளிர்ந்துபோய், "ஓம் அண்ணை" என்றேன். அக்கா எல்லோருக்கும் தேத்தண்ணி கொண்டுவந்தார். மற்றவர்களுக்குப் பூப்போட்ட கோப்பை, எனக்கு மிஞ்சிய பேப்பர் கப். ஆட்கள் கூடிவிட்டதால் கோப்பை போதவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு குடித்து முடித்தேன்.

அடுத்த செவ்வாய் நான் கீழ்த்தளத்துக்குப் போகவில்லை. ஆசிரியை தொலைபேசி எடுத்தால் நான் இல்லை என்று சொல்லும்படி அறைக்காரனிடம் சொல்லி வைத்தேன். மூன்றாவது கிழமை அவரே மேலே ஏறி வந்துவிட்டார். தங்கள் வழக்கறிஞர் குடும்பத்தைக் கூப்பிடும் எங்கள் சத்தியக் கடதாசிகளை ஒன்றாகக் கட்டி ஒட்டாவாவுக்கு நேரில் கொண்டுபோகப் போகிறார், வெள்ளிக்கிழமைக்குள் உங்கள் கையெழுத்து வேண்டும் என்றார். குடிக்க ஏதாவது வேண்டுமா என்று பயந்து பயந்து கேட்டேன். தண்ணீர் கேட்டார். என் கிளாஸில் குழாய்த் தண்ணீர் பிடித்துக் கொடுத்தேன், மிச்சம் வைக்காமல் குடித்தார். மேசையில் கிடந்த வாழைப்பழத்தை உரித்துச் சாப்பிட்டார். என் அறைக்காரர்கள்கூடத் தங்கள் கோப்பைகளை வேறாக வைத்திருந்த வீடு அது.

அவர்களில் ஒருவன் குசினியில் கழுவின சட்டியைத் திரும்பவும் கழுவிக்கொண்டு காதை எங்கள் பக்கம் வைத்திருந்தான். கையெழுத்து வைத்தால் பொழுதுபட முன்னம் ஐந்தாம் மாடிக்குச் சேதி போகும். எங்கள் ஆட்கள் வேறு வழியில் பார்த்துக்கொள்வார்கள் என்று ஆசிரியையிடம் சொன்னேன். எந்த ஆட்கள் என்று கேட்டார். குத்தலாகக் கேட்கவில்லை, தெரியாமல்தான் கேட்டார். நான் எழுந்து வாழைப்பழத் தோலைக் குப்பையில் போட்டேன். அவர் கடதாசியை மேசையில் விட்டுவிட்டுப் போனார். வெள்ளிக்கிழமையும் போனது.

பங்குனியில் லொட்ஜ்காரன் அறையை விடச் சொன்னான். மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணம் திரும்பினாள். அடுத்த மாதம் சண்டை தொடங்கிப் பாதை மூடிவிட்டது. அதற்குப் பிறகு இடம்பெயர்வு, வன்னி, மலேரியா, மாதக்கணக்காகக் கடிதமில்லை. அவர்கள் இங்கே வந்து சேர நான்கு வருடம் ஆனது. மகளுக்கு அப்போது பதினொரு வயது. நான் கிட்டப் போனால் தாயின் பின்னால் ஒதுங்குவாள். இன்றைக்கும் என்னிடம் ஒன்று கேட்பதென்றால் தாயிடம் சொல்லித்தான் கேட்பாள்.

சண்டை தொடங்கிய அந்த மாதமே ஒரு நாள் மத்தியானம் அண்ணை தொலைபேசி எடுத்தார். தன்னோடு இருக்கிற தம்பியின் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் விமான நிலையத்துக்கு வருகிறார்களாம், சாமான் நிறையவாம், என் வானும் வேண்டுமாம். அந்தத் தம்பியும் எங்கள் ஏழு பேரில் ஒருவர், என் வானில்தான் ஏறினார். போகிற வழியில், எப்படி இவ்வளவு கெதியாய் அலுவல் முடிந்தது என்று அவரைக் கேட்டேன்.

"அந்த வெள்ளிக்கிழமை கையெழுத்து வைச்சதாலைதான். அண்ணைதான் கூட்டிக்கொண்டு போனவர். ஆறு பேரும் போனனாங்கள். உங்களுக்குச் சொல்லேல்லையே?"

 வானைத் திருப்பிக்கொண்டு போயிருக்க வேண்டும். ரோசம் வரவேண்டிய இடத்தில் எனக்கு ஒருநாளும் வந்ததில்லை, நேராக ஓட்டினேன்.

வருகை வாசலில் ஆசிரியை கை நிறையக் குளிர் உடுப்புகளோடு நின்றார். அண்ணை பாய்ந்து போய் இரண்டு கையாலும் அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினார். அக்கா பல்லெல்லாம் தெரியச் சிரித்து, உடுப்புகளை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டார். நான் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினேன். அவர் கண்டுவிட்டார். நான் வேறு வழியில் காரியத்தை முடித்துக்கொண்டேன் என்று நம்பியிருக்கிறார் போலும். முகம் மலர்ந்து, என் மகளின் பெயரை ஒரு எழுத்தும் பிசகாமல் சொல்லி, அவளும் இந்த விமானத்திலா வருகிறாள் என்று கேட்டார்.

இல்லை, நான் சாமான் ஏற்ற வந்தேன் என்றேன்.