கோமதியின் பாதத்தைப் பார்த்த மருத்துவர்

கால்நடை மருத்துவர் மங்கையர்க்கரசி இறந்துபோன செய்தி, கீரனூரில் திருச்சி பஸ்ஸுக்காக நான் நின்றுகொண்டிருந்தபோது வந்தது. அவருடைய தம்பிதான் போனில் பேசினார். காலையில் நெஞ்சு வலி என்றாராம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டதாம். எதிர்ப்பக்கம் வந்த புதுக்கோட்டை பஸ்ஸில் ஏறி, அங்கிருந்து அன்னவாசல் போய்ச் சேர்ந்தேன். அவர் வீட்டுத் தெருமுனையில் அதற்குள் ஒரு பிளெக்ஸ் பேனர் கட்டியிருந்தார்கள். ‘யானைகளின் தாய்க்குக் கண்ணீர் அஞ்சலி’ என்று எழுதி, கீழே வரிசையாக ஊர்க்காரர்களின் படங்கள். அவர்களில் பாதிப் பேர், அவரை ஊரைவிட்டு மாற்றச் சொல்லி மனு கொடுத்தவர்கள். துக்கத்தோடு போன நான் கோபத்தோடுதான் அந்த வீட்டுக்குள் நுழைந்தேன். அவரை அறிந்த உங்களுக்கு, அந்தக் கோபம் ஆறுவதற்கு முன்பே இதை எழுதுகிறேன்.

நானும் அவரைப் போல அரசு கால்நடை மருத்துவன். மாடும் ஆடும் கோழியுமாகப் போன எங்கள் உத்தியோகத்தில் யானை ஒன்று குறுக்கிட்டது. அன்னவாசல் பக்கத்துக் கிராமக் கோயில் ஒன்றுக்கு வெளிநாட்டில் சம்பாதித்த ஒருவர் வாங்கிக் கொடுத்த பெண் யானை. கோமதி என்று பெயர். சிமெண்ட் தளம் போட்ட தகரக் கொட்டகையில் ஒரு காலில் சங்கிலியோடு நின்றது. மேளம் அடித்தால் அது ஆடும் என்று ஊரெல்லாம் பேச்சு. செல்போனில் படம் பிடிக்கக் கூட்டம் கூடும்.

ஒரு திருவிழாவுக்கு முன்பு அதைப் பரிசோதிக்க அவர் போனபோது நானும் உடன் போனேன். கோயில் தலைவர் பெருமையாக வரவேற்றார். “தாளம் தப்பாம ஆடுது பாருங்க டாக்டரம்மா. குடுமியான்மலைப் பாறையில சங்கீதம் வெட்டிவச்ச சீமையில்ல, யானைக்கும் ரத்தத்துல ஏறிருச்சு” என்றார். மங்கையர்க்கரசி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மேளத்தை நிறுத்தச் சொன்னார். மேளம் நின்றது. கோமதி நிற்கவில்லை. அதே போல முன்னும் பின்னும் அசைந்துகொண்டே இருந்தது.

“இது ஆட்டம் இல்லைங்க. நடக்க எடமில்லாத நடை” என்றார் அவர்.

காட்டில் பெண் யானை தனியாக வாழ்வதில்லை. தாய், பெரியம்மா, சித்தி, அக்கா, தங்கை என்று கூட்டமாகவே பிறந்து கூட்டமாகவே சாகும். பகலில் பெரும்பகுதி நடந்துகொண்டும் தின்றுகொண்டும் இருக்கும். தின்றதில் பாதிகூடச் செரிக்காது. அதனால்தான் அத்தனை தீனி, அத்தனை நடை. இதையெல்லாம் அவர் தலைவரிடம் பொறுமையாக எடுத்துச் சொன்னார். தலைவர் சிரித்தபடி, இங்கே அதற்குப் பொங்கலும் வெல்லமும் வேளாவேளைக்குக் கிடைக்கிறதே என்றார்.

அடுத்து அவர் பாதத்தைத் தூக்கிப் பார்த்தார். யானை விரல் நுனியில் நிற்கும் பிராணி. குதிகாலுக்கு அடியில் மெத்தை போலக் கொழுப்புத் திசு இருக்கிறது. தொலைவில் இருக்கும் யானையின் குரல் தரை வழியாக அதற்கு எட்டுவதும் அந்தப் பாதத்தின் மூலம்தான் என்கிறார்கள். கோமதியின் பாதம் மூத்திர ஈரத்தில் ஊறி வெடித்து, நகக்கண்ணில் சீழ் வைத்திருந்தது. அவர் வாரம் தவறாமல் போய்க் கழுவி மருந்து போட்டார். வலிக்கத்தான் செய்தது. ஆனாலும் சில மாதங்களில், இவர் கொட்டகைக்குள் நுழைந்ததும் கோமதி தானாகவே அந்தக் காலைத் தூக்கிக் காட்ட ஆரம்பித்தது. பாகன் சொல்லவேண்டியதே இல்லை.

இதன் நடுவே ஒருவர் தன் குழந்தையோடு படம் எடுக்க கோமதியை ஒட்டி பைக்கை நிறுத்தினார். சக்கரம் புண் காலில் இடித்தது. கோமதி தும்பிக்கையால் அவரைத் தள்ளியது. அவருக்குக் கை முறிந்தது. மதம் பிடித்துவிட்டது என்றார்கள். நான்கு காலையும் கட்டு என்றார்கள். ஊர்க் கூட்டத்தில் மங்கையர்க்கரசி எழுந்து, “பொம்பள யானைக்கு மதம் பிடிக்காதுங்க. புண்ணுல இடிச்சா ஒங்களுக்கும் எனக்கும் என்ன வருமோ, அதுதான் அதுக்கும் வந்துச்சு. யானை வேணும்னு சாமி கேக்கலைங்க. நாமதான் கேக்குறோம்” என்றார்.

சாமியைப் பழித்தார் என்று கதை கட்டிவிட்டார்கள். தினமும் கோயிலுக்குப் போகிற பெண்ணை! மனு போனது, மாவட்டத்தின் மறுகோடிக்கு மாற்றல் வந்தது. அங்கிருந்தும் விடுமுறை நாட்களில் இரண்டு பஸ் மாறி வந்து பாதத்துக்கு மருந்து போட்டார். கொட்டகையின் கதவைப் பூட்டினார்கள். வழக்குப் போட்டார். சொந்த வீட்டுக் கல்யாணத்தில் உறவினர்கள் அவரோடு பேசவில்லை. கடைசியில் தீர்ப்பு வந்து, கோமதியைத் திருச்சிப் பக்கம் யானைகளுக்கான முகாமுக்கு லாரியில் ஏற்றினார்கள்.

அன்று நானும் போயிருந்தேன். அங்கிருந்த கிழட்டு யானை ஒன்று மெல்ல வந்து, தன் தும்பிக்கையைக் கோமதியின் வாய்க்குள் விட்டது. யானைகள் நலம் விசாரிப்பது அப்படித்தான். கோமதி அசையாமல் நின்றது. சாயங்காலம் மண்ணில் பக்கவாட்டில் படுத்துத் தூங்கியது. வேலியைப் பிடித்துக்கொண்டு நின்ற மங்கையர்க்கரசி, “இது படுத்து இப்பத்தான் பாக்குறேன்” என்றார்.

அந்த ஊர் அவரை மன்னிக்கவே இல்லை. உயிரோடு இருந்தவரைக்கும் ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லாத வாய்கள், அஞ்சலிக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து அவருடைய கருணையைப் பாடின. அவருக்கு இருந்தது கருணை மட்டுமில்லை. கருணை என்று சொல்லிவிட்டால் யாருக்கும் உறுத்தாது. அவருக்கு இருந்தது கணக்கில்லாத பிடிவாதம். செய்யக்கூடாததைச் செய்யச் சொன்னால் குரலை உயர்த்தாமல் “முடியாதுங்க” என்று சொல்லும் குணம்.

போன வாரம் எங்கள் பக்கத்துக் கமிட்டிக்காரர்கள் என்னிடம் வந்தார்கள். குடமுழுக்கு ஊர்வலத்துக்கு யானை ஒன்றை வாடகைக்குப் பேசியிருக்கிறார்களாம்; நலமாக இருக்கிறது என்று நான் சான்று தரவேண்டுமாம். போய்ப் பார்த்தேன். தார் ரோட்டில், வெயிலில், காலை மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டு நின்றது. வந்தவர்களில் ஒருவர் எனக்கு மாமன் முறை. ஊரில் தலைகாட்ட வேண்டாமா என்று கேட்டார். மங்கையர்க்கரசியிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த ஒரு சொல்தான். அதை மாமனிடம் சொல்லிவிட்டு, தண்ணீர் கொண்டுவரச் சொன்னேன். யானைக்கு.