இருட்டு மாட்டிய பூட்டு

பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லி விசாரித்தால் அவன் குடியிருக்கும் தெருவிலேயே யாருக்கும் தெரியாது. ஊர் வைத்த பெயர் இருட்டு. "இருட்டு வீடு எது?" என்று கேட்டால் கைக்குழந்தைகூட விரலை நீட்டும். கரண்ட் ஆபீசில் ஃபியூஸ் பிடுங்குகிற வேலை. பணம் கட்டாத வீட்டுக்குப் போவான், மீட்டர் பெட்டியைத் திறப்பான், ஃபியூஸ் கட்டையை உருவிப் பையில் போட்டுக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் நடப்பான். பெண் பார்க்கப் போன இடத்தில் "லைட்டு டிபார்ட்மெண்ட்" என்று சொல்லித்தான் கல்யாணம் முடித்தான். "போடுற டிபார்ட்மெண்டா, அணைக்கிற டிபார்ட்மெண்டான்னு எங்கப்பா கேட்காம விட்டுட்டாரு" என்று பொண்டாட்டி இன்றைக்கும் குத்திக்காட்டுவாள்.

ஆள் முரடன்தான். அவன் மேல் நாயை ஏவியிருக்கிறார்கள், மண்ணை வாரித் தூற்றியிருக்கிறார்கள், குடும்பத்தையே இழுத்துத் திட்டியிருக்கிறார்கள். காதில் வாங்க மாட்டான். ஆனால் வீட்டுக்குள் எழுந்திருக்க முடியாத ஒரு ஆளோ கண் தெரியாதவரோ பச்சைப்பிள்ளையோ இருந்துவிட்டால் அந்த ஃபியூஸ் கட்டையைத் தொட அவனுக்குக் கை வராது. அதற்கு அவனாகவே ஒரு வழி செய்து வைத்திருந்தான்.

ஆபீசில் கொடுத்த கைமெஷினில் "வீடு பூட்டியிருக்கிறது" என்று ஒரு பட்டன் உண்டு. அதை அமுக்கினால் அந்த மாதத்து வெட்டு தள்ளிப்போகும். ஆனால் சும்மா விடாது, போட்டோ கேட்கும். அதனால் பச்சைப் பெயின்ட் ஒழுகிய ஒரு பித்தளைப் பூட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலைந்தான். சாத்தின கதவின் கொண்டியில் அதை மாட்டுவான், ஒரு போட்டோ எடுப்பான், கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவான். அவனுக்கும் ஆபீசுக்கும் சண்டை இல்லாமல் வண்டி ஓடியது.

ஓடியது, ஃபோர்மேன் அன்று காலையில் கூப்பிடும்வரை.

"அந்த மூணாவது மாடி தையக்காரம்மா வீடு ரொம்ப நாளா பூட்டியே கிடக்குதுய்யா. புது ஆர்டர் வந்திருக்கு. ஆள் இல்லாத வீட்டுக்கு இனிமே ஃபியூஸ் பிடுங்குறதெல்லாம் கிடையாது. கம்பத்துல ஏறி ஒயரையே இறக்கிடு."

இருட்டு இழுத்தான். "சார், அந்த வீட்டுல ஆள் இருக்கிற மாதிரி..."

"ஆள் இருந்தா நீ எதுக்குய்யா பூட்டுன்னு போட்ட?"

இருட்டு ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினான். கம்பத்தடியில் ஏணியைச் சாத்திவிட்டு, ஏறவும் மனமில்லாமல், திரும்பிப் போகவும் வழியில்லாமல் கொஞ்ச நேரம் நின்றான். ஒயரை இறக்கினால் மறுபடி ஏற்றப் புதிதாக எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்துக் கிடக்க வேண்டும். மேலே இருக்கிற ஆளுக்குக் காத்துக் கிடக்க மூச்சு கிடையாது.

மாடி ஏறிப் போய்க் கதவைத் தட்டினான். தூசி ஆகாது என்று அந்தக் கதவு எப்போதும் சாத்தித்தான் இருக்கும். ஒரே அறை. ஜன்னலோரம் தையல் மெஷின், இந்தப் பக்கம் கட்டில், கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் உறுமிக்கொண்டே இருக்கும் ஆக்சிஜன் மிஷின். காருக்குப் பெயின்ட் அடித்து அடித்தே நெஞ்சைக் கெடுத்துக்கொண்ட தையல்காரியின் அண்ணன், மூக்கில் குழாயோடு சாய்ந்திருந்தார்.

"வாய்யா எமனே! எருமையைக் கீழ கட்டிட்டு வந்தியா?"

"கட்ட இடம் கிடைக்கலண்ணே. ரோட்டுல நிக்குது."

பெயின்டர் சிரித்தார். சிரித்ததற்கு வட்டியாக இருமினார். தங்கச்சி எழுந்து டீயைக் கொடுத்துவிட்டு ஒரு காகிதத்தை நீட்டினாள்.

"இந்தக் கூத்தைக் கேளுங்கண்ணே. மூச்சு மிஷின் ஓடுற வீட்டுக்குக் கரண்டை வெட்டக் கூடாதுன்னு சட்டம் இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க? டாக்டர்கிட்ட எழுதி வாங்கிக் கொடுத்தேன். முடியாதுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. இந்த வீடு பூட்டிக் கிடக்காம்! எங்கண்ணன் படி இறங்கி வருஷம் ரெண்டாச்சு. எந்தக் கண்ணவிஞ்ச பய பார்த்து எழுதினானோ!"

இருட்டு டீயை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் வாயில் வைத்துக்கொண்டிருந்தான்.

"மாசாமாசம் வர்றவரு நீங்க. உங்க ஆபீஸ்ல ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே. நீங்க சொன்னா நம்புவாங்க."

டம்ளரைக் கீழே வைத்தான். பையைத் திறந்து பூட்டை எடுத்துத் தையல் மெஷின் மேல் வைத்தான். "அந்தக் கண்ணவிஞ்ச பய நான்தாம்மா" என்றான். கதவைத் தட்டுவதற்கு முன்னால் வெளியே நின்று மாதாமாதம் செய்ததையெல்லாம் சொன்னான். அன்றைக்கு எதற்கு வந்தான் என்பதையும் சொன்னான்.

அவள் பூட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "உயிரோட இருக்கிற ஆளை உள்ளே வெச்சு இல்லாத ஆளாக்கிட்டீங்களேண்ணே."

"திட்டாத தாயி" என்றார் பெயின்டர். "அவன் நல்லதுதான் நினைச்சான். என்ன, காலி வீட்டுல என்னை வாடகை இல்லாம குடிவெச்சுட்டான்."

இருட்டு சிரிக்கவில்லை. அவன் மனசு வேறு வீடுகளில் இருந்தது. இதே பூட்டு எத்தனையோ கதவில் தொங்கியிருக்கிறது. பிள்ளை பெற்றுப் பத்து நாள்கூட ஆகாத பெண் ஒருத்தி. கண் தெரியாத புருஷன் பொண்டாட்டி. வலிப்பு வந்து கட்டிலோடு கிடக்கிற மகனைப் பார்த்துக்கொள்கிற ஒரு லாரி டிரைவர். இவர்கள் யாருக்கும் சட்டத்தில் இடமில்லை. மூச்சு மிஷினுக்கு மட்டும்தான் உண்டு. இங்கே உண்மையைச் சொன்னால் அங்கே எல்லாக் கதவும் திறந்துகொள்ளும், அந்த வீடுகளில் கரண்ட் போகும். சொல்லாவிட்டால் கீழே ஏணி காத்திருக்கிறது. அவன் ஏறாவிட்டால் மதியத்துக்குள் வேறொருவன் ஏறுவான்.

கட்டிலோரம் மிஷின் உறுமிக்கொண்டே இருந்தது. ஃபோனை எடுத்தான்.

"சார், இங்க ஆள் இருக்கு. மூச்சு மிஷின் ஓடுது. பூட்டு என்னோடது சார். நீங்களே வந்து பார்த்துடுங்க."

ஃபோர்மேன் மூன்று மாடியும் ஏறி மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க வந்து நின்றார். "உட்காருங்க சார், வேணும்னா என் குழாயைக் கொஞ்சம் தரேன்" என்றார் பெயின்டர். ஃபோர்மேன் மிஷினைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார், டாக்டர் எழுதியதைப் படித்தார். கெட்ட மனுஷன் இல்லை. "ஒயர் இருக்கட்டும்மா. நேர்ல பார்த்தேன்னு நானே எழுதிக் கொடுக்கிறேன். இனிமே இந்த வீட்டு மேல யாரும் கை வைக்க மாட்டாங்க."

தங்கச்சி அப்படியே தரையில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

படி இறங்கும்போது ஃபோர்மேன் தன் ஃபோனில் போட்டோக்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டே வந்தார். "இந்தப் பூட்டு நிறைய வீட்டுல தொங்குதேய்யா."

"கடையில எல்லாம் இதே பூட்டுதான் சார் விக்கிறான்."

"ஓஹோ. எல்லாப் பூட்டுலயும் ஒரே இடத்துல பச்சைப் பெயின்ட் ஒழுகியிருக்குமோ?"

கீழே வந்ததும் ஃபோர்மேன் தன் வண்டியை உதைத்துக் கிளப்பினார்.

"ஏறு வண்டியில. ஒவ்வொரு வீடா போய்ப் பார்த்துட்டு வந்துடுவோம். மேலதிகாரி கேட்டா நான் எதைச் சொல்றது? எனக்கும் ரெண்டு பொண்ணு இருக்குய்யா."

பின்னால் ஏறி உட்கார்ந்தான். வண்டி இரண்டு தெரு தாண்டி ஒரு முக்கில் நின்றது. இடது பக்கம் திரும்பினால் பிள்ளை பெற்றவள் வீடு. வலது பக்கம் அந்தக் கண் தெரியாத ஜோடி.

"சொல்லுய்யா. இடமா, வலமா?"

"நேராப் போங்க சார்" என்றான் இருட்டு.

நேரே போனால் அந்தத் தெரு ஒரு மதிலில் போய் முட்டி நிற்கும். அது இரண்டு பேருக்குமே தெரியும். ஃபோர்மேன் கண்ணாடியில் அவன் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு, வண்டியை முறுக்காமல், காலைத் தரையில் ஊன்றியபடி நின்றார்.