ஓர் அறையில் மூன்று முட்டை

மஞ்சுளா இறந்த செய்தி எங்கள் தொழிற்சாலையின் வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. அதற்குக் கீழேயே அடுத்த செய்தி: செகண்ட் ஷிஃப்ட் இன்ஸ்பெக்‌ஷனுக்கு யார் வருகிறீர்கள்? கைபேசியைச் சுவரில் அடிக்கலாம் போலிருந்தது.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். சூளகிரிக்காரர். வீட்டில் தெலுங்கு, எங்களிடம் தமிழ், மேலாளரிடம் கன்னடம். தரப் பரிசோதனையில் இருந்தார். அவர் ஒரு பாகத்தை ரிஜெக்ட் செய்தால் செய்ததுதான். எந்தச் சாருக்காகவும் கையெழுத்துப் போடமாட்டார். காம்பவுண்டு ஓரத்து மரத்தடியில் இருந்த தேனீப் பெட்டியையும் சாப்பாட்டு நேரத்தில் அவரே பார்த்துக்கொண்டார்.

போன வருடம், வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் வருகிறார்கள், இரண்டு பெட்டியாகக் காட்ட வேண்டும் என்றார் மேலாளர். தேனீக் கூட்டத்துக்கு ஆள் பலம் போதாது, இப்போது பிரித்தால் கெட்டுவிடும் என்று மஞ்சுளா மறுத்தார். அவர் விடுப்பில் இருந்த நாளாகப் பார்த்து மேலாளர் என்னைக் கூப்பிட்டார். திருநெல்வேலியிலிருந்து பிழைக்க வந்தவன், தலையாட்டினேன். பாதித் தேனடைகளை எடுத்துப் புதுப் பெட்டியில் வைத்தேன். ராணித் தேனீ எதில் இருக்கிறது என்றுகூடப் பார்க்கவில்லை.

சில வாரங்களில் புதுப் பெட்டியில் ஈக்கள் குறைந்தன. ஆனால் திறந்து பார்த்தால் அடையில் ஓர் அறைக்கு மூன்று முட்டை. உற்பத்தி மூன்று மடங்கு என்று பூரித்துப்போய்ப் படம் எடுத்துக் குழுவில் அனுப்பினேன். மேலாளரும் கட்டைவிரலை உயர்த்தினார். அவருடையது கோட்டும் சூட்டும் போட்ட முட்டாள்தனம். என்னுடையது யூனிஃபார்ம் போட்டது. படத்தைப் பார்த்த மஞ்சுளா சிரிக்கவில்லை.

“ராணி அறைக்கு ஒண்ணுதான் வெக்கும்ணா. ராணி இல்லைன்னா வேலைக்கார ஈங்களே ஆளாளுக்கு முட்டை வெச்சிரும். அதுல ஆண் ஈதான் பொறக்கும், வேலைக்கு ஒண்ணும் வராது. பெட்டி செத்துட்டிருக்குது, நீங்க போட்டோ எடுக்கறீங்க.”

அன்றே ராணி இருந்த பெட்டியின் மேல் ஒரு செய்தித்தாளை விரித்து, ஊசியால் துளையிட்டு, அதன்மேல் நோஞ்சான் கூட்டத்தை ஏற்றி வைத்தார். ஈக்கள் தாளைக் கடித்து முடிப்பதற்குள் இரண்டு கூட்டத்தின் வாசனையும் கலந்துவிடும், சண்டை வராது என்றார். வரவில்லை. மேலாளர் குதித்தபோது, காலிப் பெட்டியை அப்படியே பக்கத்தில் வைத்திருக்கிறேன், வருகிறவர்கள் திறந்தா பார்க்கப்போகிறார்கள் என்று கேட்டுவிட்டு மஞ்சுளா வேலைக்குப் போய்விட்டார்.

இந்த வருடம் எங்கள் லைனையே பிரித்தார்கள். பாதி இயந்திரங்கள் புதுக் கட்டடத்துக்குப் போயின. இரண்டுக்கும் மஞ்சுளா ஒருவர்தான். நெஞ்சை அடைக்கிறது, ஆஸ்பத்திரி போக வேண்டும் என்று என் கண்ணெதிரே இரண்டு முறை லீவு கேட்டார். ஆடிட் முடியட்டும் என்றார்கள். நான் பக்கத்தில் நின்று, துடைத்த இயந்திரத்தையே துடைத்துக்கொண்டிருந்தேன். கம்பெனி பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது சீட்டில் சாய்ந்தவர் எழவில்லை. யாராவது இதை விதி என்று சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

காரியம் முடிந்த மறுநாள் மேலாளர் அழைத்தார். மஞ்சுளா நினைவாக இன்னொரு பெட்டி வைத்துப் பெயர்ப்பலகை மாட்டலாம், நீயே பிரித்துவிடு என்றார்.

“ஆள் பலம் இல்ல சார். பிரிக்க மாட்டேன்.”

அவர் பதில் சொல்வதற்குள் வெளியே வந்துவிட்டேன். மரத்தடியில் கால் நிறைய மகரந்தத்தோடு ஈக்கள் பெட்டி வாசலில் இறங்கிக்கொண்டிருந்தன. மஞ்சுளா, நீங்கள் லீவு கேட்டு நின்ற அன்றைக்கு இந்த வாய் திறந்திருக்க வேண்டும். என்னை மன்னிக்காமலே போய் வாருங்கள்.