நான்கு வேம்பும் ஒரு மனுவும்

திரிசலா அத்தை என் அப்பாவின் அக்கா. செஞ்சியிலிருந்து மேல்சித்தாமூர் போகும் வழியில் அவருக்கு ஒன்றரை ஏக்கர் நிலம். மாமா இறந்தபோது எல்லோரும் குத்தகைக்கு விடச் சொன்னார்கள். அத்தை விடவில்லை. பதினெட்டு வருடங்களாகத் தானே பயிர் வைக்கிறார். நாங்கள் நைனார்கள், தமிழ்ச் சமணர்கள்; பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிக்க வேண்டும் என்பதால் நான்கரை மணிக்கே மண்வெட்டியைக் கழுவிவிடுவார்.

பக்கத்து நிலம் பச்சைமுத்துவுடையது. அத்தையின் மோட்டார் கெட்டுப்போன ஒரு கோடையில் இருபது நாள் தன் கிணற்றுத் தண்ணீரை விட்டவர் அவர். அவர் மகள் அனுவின் கல்யாணத்தில் பந்தியைக் கவனித்துக்கொண்டது அத்தை. இரண்டு நிலத்துக்கும் நடுவில் ஒரு வரப்பு, அதில் மாமா வைத்த நான்கு வேப்பமரங்கள். அவை யாருடையவை என்று ஒருவரும் கேட்டதில்லை.

போன வருடம் வைகாசியில் பச்சைமுத்து வந்தார். நிழல் விழும் இடத்தில் மல்லாட்டைச் செடியில் கடலை பிடிப்பதில்லை, தன் பக்கத்துக் கிளைகளை மட்டும் கழித்துக்கொள்ளவா என்று கேட்டார்.

"காக்கா கூடு இருக்குது. குஞ்சு பறந்து போவட்டும்பா" என்றார் அத்தை.

ஆனியில் மறுபடி வந்தார். அப்போது வேறொரு மரத்தில் கூடு.

"இன்னும் எத்தினி காக்காவுக்குப் பிரசவம் பாக்கப் போறீங்க, நைனாரம்மா? பேசாம ரேஷன் கார்டுல பேர் சேத்துடுங்க."

அத்தை சிரிக்கவில்லை. "உசுரு இருக்குது. நான் சரின்னு சொல்ல மாட்டேன்."

விதைப்பு நெருங்கியது. ஒரு நாள் காலையில் பச்சைமுத்து இரண்டு கிளைகளை வெட்டிவிட்டார். அத்தை போய்ப் பார்த்தபோது கூடு கீழே கிடந்தது, குஞ்சுகள் செத்திருந்தன. மறுநாள் என்னைக் கூப்பிட்டு, நிலத்தை அளந்து மரங்கள் யாருடையவை என்று முடிவு செய்ய மனு எழுதச் சொன்னார்.

எழுதினேன். 'அத்துமீறி நுழைந்து உயிர்ச்சேதம் விளைவித்தார்' என்று எழுதினேன். யாரும் கேட்காமலேயே ஆங்கிலத்திலும் ஒரு நகல் வைத்தேன். அதில் இன்னும் கடுமையாக இருந்தது.

சர்வேயர் வந்த அன்று அந்த வரியை எல்லோர் முன்னாலும் வாசித்தார். பச்சைமுத்து அத்தையைப் பார்த்தார்.

"இருபது நாள் தண்ணி வுட்டவன் அத்துமீறினவனா, நைனாரம்மா?"

அந்த வார்த்தை என்னுடையது என்று நான் சொல்லவில்லை.

அளந்தார்கள். மண்ணுக்குள் புதைந்திருந்த பழைய எல்லைக்கல் அகப்பட்டது, வரப்பிலிருந்து நான்கடி தள்ளி, அத்தையின் பக்கத்தில். வரப்புதான் எல்லை என்று மாமாவும் நினைத்திருந்தார், பச்சைமுத்துவும் நினைத்திருந்தார். நான்கு மரங்களும் பச்சைமுத்துவின் நிலத்தில் நின்றன.

அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை. சர்வேயர் போன பிறகும் போகாமல் நின்றார்.

"இப்ப இன்னா செய்யலாம், சொல்லுங்க" என்றார்.

"உன் மரம். என்னை இன்னாத்துக்குக் கேக்கற?"

அடுத்த வாரம் மரம் அறுக்கும் மிஷின் வந்தது. இரண்டு நாளில் நான்கும் விழுந்தன. அத்தை அந்த இரண்டு நாளும் நிலத்துக்குப் போகவில்லை.

இந்தத் தை மாதம் செஞ்சி பஸ் ஸ்டாண்டில் பச்சைமுத்துவைப் பார்த்தேன். நலம் விசாரித்துவிட்டு, பஸ் வரும் திசையைப் பார்த்தபடி சொன்னார்: "அன்னைக்கு நைனாரம்மா வுடுப்பான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வுட்டிருப்பேன் பாப்பா. கிளையோட போயிருக்கும்."

ஞாயிற்றுக்கிழமை இதை அத்தையிடம் சொன்னேன். உளுந்துக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"கேட்டா வுட்டிருப்பான்னு அன்னைக்கே தெரியும்" என்றார். "அதுக்குத்தான் நின்னான். எனக்குத்தான் வாய் வரல."

மனுவில் இருந்த அந்த வரியைப் பற்றி நான் பேச ஆரம்பித்தேன். "நான் சொல்லித்தானே எழுதுன" என்று நிறுத்திவிட்டு, முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு வெயிலில் அடுத்த பாத்திக்கு நகர்ந்தார்.