செல்வி அக்காவின் அண்ணனிடம் சொல்லாதது

இல்லை, விபத்து இல்லை. அடித்துக் கொலை.

செல்வி அக்கா. பட்டினப்பாக்கத்தில் நண்டு விற்பவர். நேற்று மதியம், அவர் வீட்டு வாசலில்... கூடப் பிறந்த அண்ணன். இரும்புக் குழாய்.

அக்காவின் மகள் வேறு ஜாதியில் கல்யாணம் செய்துகொண்டாள். அவளைத் தேடி வந்த அண்ணனை அக்கா வாசலில் மறித்திருக்கிறார். அவ்வளவுதான்.

என் பிஎச்டிக்கு மூன்று வருடமாக அவரிடம்தான் நண்டு வாங்கினேன். அடையாறு முகத்துவாரத்துச் சேற்று நண்டு ஒரே இனமா, இரண்டா? அதுதான் என் தலைப்பு.

நெற்றி முட்களை அளப்பேன். ஒரு வகையின் அளவு இன்னொரு வகையில் போய் விழும். எங்கே கோடு போடுவது என்றே தெரியாது.

"இன்னா பாப்பா, இத்தப் போய் அளந்துக்கினு கீற" என்று ஒருநாள் அக்கா இரண்டு ஆண் நண்டுகளின் கயிற்றுக் கட்டை அறுத்து ஒரே பேசினில் போட்டார். நொடியில் ஒன்றின் கொடுக்கு பிய்ந்து தண்ணீரில் கிடந்தது. மற்றது அப்போதும் விடவில்லை... கண்ணைத் தேடிக் குத்தியது.

தோற்றதை எடுத்துவிட்டு, வேறு கூடையிலிருந்து வேறு வகை நண்டு ஒன்றைப் போட்டார். கொஞ்சம் முறைத்துவிட்டு ஆளுக்கொரு மூலைக்குப் போய்விட்டன.

"ஒரே ஜாதின்னாதான் இந்த அடி. வேற ஜாதின்னா கண்டுக்காது."

நோட்டில் எழுதினேன். தீசிஸில் இதைப் போட்டுவிடாதே என்று கைடு சிரித்தார்.

உங்கள் காலேஜில் இனத்தை எப்படிப் பிரிப்பீர்கள் என்று இன்னொரு நாள் அக்கா கேட்டார். உயிருள்ள நண்டின் ஓட்டைப் பிளந்துகொண்டே. சேர்ந்து குஞ்சு பொரித்து, அந்தக் குஞ்சுக்கும் குஞ்சு பிறந்தால் ஒரே இனம் என்றேன். எல்லா இடத்திலும் பொருந்தாது, ஆனால் முதலில் பார்ப்பது அதைத்தான்.

கத்தி நின்றது. மகள் அப்போது ஆறு மாதக் கர்ப்பம்.

"இத்த எங்க அண்ணனாண்ட வந்து சொல்றியா? படிச்ச பொண்ணு நீ. நீ சொன்னா கேப்பான்."

சிரித்தேன். அவரும் சிரித்தார்.

போன வாரம் மறுபடி கேட்டார். இந்த முறை சிரிக்கவில்லை.

"வெட்டுவேன்றான் பாப்பா."

சப்மிஷன் முடியட்டும் அக்கா, வருகிறேன் என்றேன்.

மகள் உயிரோடு இருக்கிறாள். எங்கே என்று கமென்டில் கேட்காதீர்கள்.

கூப்பிட்டப்போ வரல அக்கா... போய்ட்டு வாங்க.

காலையில் ஸ்டேஷனுக்குப் போனேன். போன வாரம் அவர் சொன்னதையும் நான் சொன்ன பதிலையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.